23 போட்ட பிறகு 20 எதற்கு?

மண்ணீரல் எடுத்த உங்கள் அப்பாவுக்கு நிமோனியாவைத் தடுக்கும் 23 வகை நியூமோகாக்கல் ஊசி ஏற்கெனவே போட்டாயிற்று, மருத்துவர் 20 வகையும் போடச் சொல்கிறாரே என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் ஒரே ஊசி அல்ல. மருத்துவர் சொன்னபடி உங்கள் அப்பாவுக்கு 20 வகை நியூமோகாக்கல் ஊசியும் தேவைதான். ஆனால் 23 வகை ஊசி போட்டு குறைந்தது ஓராண்டு ஆகியிருக்க வேண்டும்.

எண்தான் உங்களைக் குழப்பியிருக்கும். ஊசி குறிவைக்கும் கிருமி வகைகளின் எண்ணிக்கை அது. 23 பெரியது, 20 எதற்கு என்று தோன்றுவது இயல்பு. பழைய 23இல் இருப்பது கிருமியின் மேலுறைச் சர்க்கரை மட்டும். உடல் அதற்கு எதிர்ப்பொருள் உண்டாக்கும். ஆனால் கிருமியை அடையாளம் காணும் நீண்டகால நினைவு பெரிதாக உருவாகாது. 20இல் அதே வகைச் சர்க்கரையை ஒரு புரதத்தோடு பிணைத்திருக்கிறார்கள். அந்தப் புரதம்தான் நினைவைப் பதிய வைக்கிறது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு 23 சரியாக வேலை செய்யாததற்கும் அந்தப் புரதம் அதில் இல்லாததே காரணம்.

முன்பு போட்டது 23தானா என்று மருத்துவமனைச் சீட்டை எடுத்துப் பாருங்கள். 'நிமோனியா ஊசி' என்று மட்டும் எழுதியிருந்தால் நம்ப வேண்டாம். ஒட்டியிருக்கும் சிறு லேபிளில் மருந்தின் பெயரும் தேதியும் இருக்கும். பெயரோடு 13, 15, 20 என்று இருந்தால் அது புரதம் பிணைத்தது. அப்படியானால் அட்டவணையே மாறும், மருத்துவரிடம் காட்டுங்கள்.

பேத்திக்கு இந்த நியூமோகாக்கல் ஊசியில் ஒரு டோஸ் தவறியது பற்றியும் கேட்டிருந்தீர்கள். முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: இந்தக் கிருமியில் 100 வகைகளுக்கு மேல் உண்டு, எந்த ஊசியும் எல்லாவற்றையும் தடுக்காது. மண்ணீரல் எடுத்தவருக்குக் காய்ச்சலும் குளிர்நடுக்கமும் வந்தால், எத்தனை ஊசி போட்டிருந்தாலும் காலை வரை காத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.