வாசகர் வினா விடை: கொட்டைப்பெட்டிக்குள் கிடந்த சதங்கள்

கேள்வி: அம்மம்மாவின் பெட்டகத்தை ஒழுங்குபடுத்தியபோது, ஓலையில் இழைத்த கொட்டைப்பெட்டி ஒன்றுக்குள் ஏறத்தாழ முப்பது பழைய நாணயக் குற்றிகள் இருக்கக் கண்டேன். விக்டோரியா மகாராணியின் உருவம் பொறித்த 1870ஆம் ஆண்டுச் செப்புச் சதம் முதல் 1963ஆம் ஆண்டு அலுமினியச் சதம் வரை அவற்றில் உள்ளன. இவற்றை எந்த ஒழுங்கில் அடுக்குவது? புளியிட்டு மினுக்கலாமா?
வாசகி, சுன்னாகம்

பதில்: இரண்டாவது வினாவுக்கே முதலில் விடை கூறுகின்றேன். தயவுசெய்து மினுக்காதீர்கள். செம்பின் மேல் நூற்றாண்டுக் காலமாகப் படிந்த கருஞ்சிவப்பு நிறமே அக்குற்றியின் காப்பு; புளியோ சாம்பலோ பட்டால் அதனுடன் எழுத்துகளின் நுண்மையும் தேய்ந்துவிடும், தேய்ந்ததை எவராலும் மீட்க இயலாது. மண் ஒட்டியிருந்தால் வெறும் நீரில் ஊறவைத்து, தேய்க்காமல் ஒற்றி உலர்த்துவது போதும். எமது உப்புக் காற்றுக்கு ஈரமில்லாத தடித்த கடதாசி உறையே ஏற்றது.

அடுக்கும் முறைக்கு வருவோம். சேகரிப்போரில் பலர் அரசர் வரிசைப்படி அடுக்குவர். அது பிழையன்று, ஆயினும் உலோகம் மாறிய ஆண்டுகளைக் கொண்டு அடுக்குமாறே நான் கூறுவேன், ஏனெனில் இலங்கையின் பணவரலாறு அரசரின் முகத்தைவிட உலோகத்திலேயே தெளிவாகத் தெரிகின்றது.

பழைய உறுதிகளில் நாம் காணும் ‘இறைசால்’ ஒல்லாந்தர் காலத்திலிருந்து வந்த கணக்கு. ‘பணம்’ என்னும் சிறு நாணயம் பன்னிரண்டு சேர்ந்தது ஓர் இறைசால். 1825இல் ஆங்கிலேயர் அதனை 1 ஷில்லிங் 6 பென்ஸாக மதித்து, பவுண் கணக்கை நிலைநாட்டினர். எனினும் கோப்பித் தோட்டங்களுக்குத் தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளரின் கூலி இந்திய வெள்ளி ரூபாயிலேயே கொடுக்கப்பட்டமையால், சட்டம் ஒன்றாகவும் சந்தை வேறொன்றாகவும் இருந்தன. இறுதியில் சட்டமே சந்தையைப் பின்பற்றியது: 1869இல் இந்திய ரூபாய் ஏற்கப்பட்டு, 1872 ஜனவரி 1 முதல் ரூபாய் நூறு சதங்களாகப் பகுக்கப்பட்டது. உங்கள் 1870ஆம் ஆண்டுச் சதம் இந்த மாற்றத்துக்கென முன்கூட்டியே அச்சிடப்பட்டது. அதன் பின்புறத்தில் பெறுமதி தமிழிலும் சிங்களத்திலும் பொறிக்கப்பட்டிருப்பதைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். அந்தச் சின்னஞ்சிறு தமிழெழுத்துகளை முதன்முதலில் வாசித்த நாளை நான் இன்னும் மறக்கவில்லை.

1892இல் 10, 25, 50 சத வெள்ளிக் குற்றிகள் வந்தன. அவற்றில் ஆயிரத்துக்கு 800 பங்கு வெள்ளி உண்டு. முதலாம் உலகப் போரை அடுத்து வெள்ளியின் விலை ஏறியதால் 1919இல் அது 550 பங்காகக் குறைந்தது. உங்களிடமுள்ள ஐம்பது சதக் குற்றிகளில் 1919க்கு முந்தியதையும் பிந்தியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நிறத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். இதற்கிடையே 1909இல், உள்ளங்கையில் பாரமாகக் கிடந்த பெரிய செப்பு ஐந்து சதத்துக்குப் பதிலாக, மூலை மழுங்கிய சதுரமான செப்பு-நிக்கல் ஐந்து சதம் வந்தது.

இரண்டாம் உலகப் போர்க்காலமே என் உள்ளத்துக்கு மிக நெருக்கமானது. சில்லறைத் தட்டுப்பாட்டால் 1942இல் சதங்களுக்கே கடதாசித் தாள்கள் அச்சிடப்பட்டன; ஐந்து சதத் தாள் நடுவில் வரிசையாகத் துளையிடப்பட்டு, இரண்டு சதமாகவும் மூன்று சதமாகவும் கிழித்துக் கொடுக்கக்கூடியதாக இருந்தது. அடுத்த ஆண்டில் 25, 50 சதங்கள் நிக்கல்-பித்தளையாயின. அதன் பின்னர் நாளாந்தப் புழக்கத்துக்கான சதங்களுக்கு வெள்ளி திரும்பவேயில்லை.

மத்திய வங்கி 1950 ஆகஸ்ட் 28இல் தொடங்கிய பின்னரும் அரச தலை உடனே நீங்கவில்லை. 1955, 1957ஆம் ஆண்டுகளின் இரண்டு சதக் குற்றிகளில் எலிசபெத் மகாராணி இருக்கின்றார். எங்கள் நாணயங்களில் அவருடைய உருவத்தைக் காணக்கூடிய இடம் அது ஒன்றே. 1963இல் அரச தலைக்குப் பதிலாக இலங்கையின் இலச்சினை வந்தது. ஆகவே உங்கள் அம்மம்மாவின் கொட்டைப்பெட்டி அரச தலை பொறித்த சதங்களின் தொடக்கத்தையும் முடிவையும் ஒருங்கே வைத்திருந்திருக்கின்றது. அந்தப் பெட்டியையும் சேகரிப்போடு வையுங்கள். எவ்விடத்தில், எவரிடமிருந்து கிடைத்தன என்று ஒரு துண்டில் எழுதி உள்ளே இடுங்கள்.

கேள்வி: என்னிடமுள்ள இரண்டு ரூபாய்க் குற்றிகளில் 2002ஆம் ஆண்டுக்குரியது காந்தத்தில் ஒட்டவில்லை, 2006ஆம் ஆண்டுக்குரியது ஒட்டுகின்றது. ஒன்று போலியா?
வாசகர், பருத்தித்துறை

பதில்: போலியன்று. முந்தியது செப்பு-நிக்கல், 2005 முதல் நிக்கல் முலாமிட்ட உருக்கில் அச்சிடப்பட்டமையால் பிந்தியதைக் காந்தம் இழுக்கின்றது. வடிவம் மாறாமல் உள்ளுலோகம் மட்டும் மாறிய இத்தகைய இணைகளே சேகரிப்பில் நான் விரும்பித் தேடுபவை. ஒரே பெறுமதியில் இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ரூபாயிலும் ஐந்து ரூபாயிலும் இதே மாற்றத்தை, அங்கே பித்தளை முலாமாக, நீங்கள் காண்பீர்கள்.