வளர்த்த பெரியம்மாவா, பெற்ற அப்பாவா?

கேள்வி: பெங்களூரு ஸ்ரீராம்புரத்தில் இருக்கிறோம். என் தங்கை டெங்குவில் இறந்தபோது அவள் மகளுக்கு மூன்று வயது. தங்கை வீட்டுக்காரர் தர்மபுரியிலிருந்து குழந்தையைக் கொண்டுவந்து எங்களிடம் விட்டார். “நீங்களே வளர்த்துக்கொள்ளுங்கள்” என்று நூறு ரூபாய் ஸ்டாம்ப் பேப்பரில் எழுதிக் கையெழுத்தும் போட்டார். இப்போது அவளுக்குப் பத்து வயது. என்னைத்தான் அம்மா என்கிறாள். பள்ளியில் அப்பா பெயராக என் கணவர் பெயரைக் கொடுத்துவிட்டோம். தங்கை வீட்டுக்காரர் மறுமணம் செய்துகொண்டு அந்த வீட்டிலும் ஒரு குழந்தை இருக்கிறது. தீபாவளிக்குள் பெண்ணை அனுப்பாவிட்டால் கடத்தல் கேஸ் கொடுப்பேன் என்கிறார். பயந்துபோய் அவர் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டோம். நான் கார்மெண்ட்ஸ் வேலைக்குப் போகிறேன், அவருக்குச் சொந்த மளிகைக் கடை. கோர்ட் யார் பக்கம் நிற்கும்?

பதில்: முதலில் அவர் போனை எடுங்கள் அம்மா. பெண்ணிடமும் பேசக் கொடுங்கள். அப்பாவிடமிருந்து பிள்ளையைப் பிரிக்கப் பார்க்கிறார்கள் என்று ஜட்ஜுக்கு ஒருமுறை தோன்றிவிட்டால், நீங்கள் ஏழு வருஷம் பட்ட பாடு எல்லாம் அதற்குள் அமுங்கிப்போகும்.

கடத்தல் கேஸுக்குப் பயப்பட வேண்டாம். அவரே கொண்டுவந்து விட்டதற்கு அந்த ஸ்டாம்ப் பேப்பர் சாட்சி. அதற்கு மேல் அதில் பலமில்லை. கார்டியன் உரிமை அப்படி எழுதிக் கைமாறாது. அந்தக் காகிதம் மட்டும் தத்தும் ஆகிவிடாது. நீங்கள் இந்துக்கள் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்: 1956-ஆம் ஆண்டு இந்து மைனர் காப்பாளர் சட்டத்தின் 6-வது பிரிவுப்படி அவர்தான் இயற்கைக் காப்பாளர். அந்த வரிசையில் பெரியம்மா இல்லவே இல்லை. ஆனால் அதே சட்டத்தின் 13-வது பிரிவு, குழந்தையின் நலன்தான் எல்லாவற்றுக்கும் மேல் என்கிறது. உங்கள் வழக்கு நிற்கப்போவது அந்த ஒரு பிரிவின் மேல்தான்.

அவருடைய வக்கீல் 2019-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த மகாராஷ்டிர வழக்கை எடுத்துவருவார். மார்பகப் புற்றுநோயில் தாய் இறந்துவிட, கைக்குழந்தை தாயின் கூடப்பிறந்தவர்களிடம் வளர்ந்தது. அப்பா உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு (ஒருவரைக் கோர்ட் முன் கொண்டுவந்து நிறுத்தக் கேட்கும் மனு) போட்டே குழந்தையைப் பெற்றார். நம் கையில் 2008-இல் தீர்ப்பான கொல்கத்தா வழக்கு இருக்கிறது. அங்கே மனைவி இறந்தது தொடர்பாக அப்பா மேலேயே வழக்கு. நீதிபதிகள் பையனைத் தங்கள் அறைக்குக் கூப்பிட்டுப் பேசினார்கள். அப்பாவிடம் போகமாட்டேன் என்றான். தாய்வழித் தாத்தா பாட்டியிடமே விட்டார்கள்.

உங்கள் நிலைமை இரண்டுக்கும் நடுவில். அவர் மேல் நீங்கள் குறை எதுவும் எழுதவில்லை. மறுமணம் குறையாகாது; மாற்றாந்தாய் கொடுமை என்று இல்லாத கதையைக் கட்டிவிடாதீர்கள். அதே சமயம் உங்கள் பெண் கைக்குழந்தையும் இல்லை. 1890-ஆம் ஆண்டு கார்டியன் சட்டத்தின் 17-வது பிரிவு, விவரம் தெரிந்த பிள்ளையின் விருப்பத்தையும் பார்க்கச் சொல்கிறது. பத்து வயதுப் பெண்ணிடம் ஜட்ஜ் தனியாகப் பேசுவார் என்றே எதிர்பாருங்கள். பதில் எதுவும் சொல்லிக்கொடுக்காதீர்கள். பாடம் பண்ணின பதில் இரண்டாவது கேள்விக்கே உடைந்துவிடும்.

மளிகைக் கடையைப் பார்த்து மலைக்கவும் வேண்டாம். கொரோனாவில் பெற்றோரை இழந்த ஒரு சிறுவனை, மத்திய அரசு வேலையில் இருந்த தாயின் சகோதரியிடம் குஜராத் உயர் நீதிமன்றம் ஒப்படைத்தது. 2022-இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, பென்ஷனில் வாழும் அப்பா வழித் தாத்தா பாட்டியிடம் கொடுத்தது. வருமானமோ வயதோ மட்டுமே தராசைச் சாய்க்கக் கூடாது என்றது.

எனக்கு உறுத்துவது பள்ளிப் பதிவேடுதான். அப்பா உயிரோடு இருக்கும்போது அந்த இடத்தில் வேறு பெயர் எழுதினால், எதிர்த்தரப்பு அதை மோசடி என்றுதான் படிக்கும். அவர்கள் கண்டுபிடிக்கும் முன் உங்கள் மனுவிலேயே, ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள்.

குழந்தை வழக்கமாக வசிக்கும் ஊரில்தான் வழக்குப் போட முடியும். ஆகவே தர்மபுரிக்கு அலைய வேண்டாம். சித்தையா சாலையில் இருக்கும் நியாய தேகுல கட்டடத்துக் குடும்ப நீதிமன்றம் போதும். அவர் ஆட்கொணர்வு மனுவோடு உயர் நீதிமன்றம் போவதற்கு முன் நீங்கள் இங்கே மனுப் போட்டுவிடுவது நல்லது. அதே 1890 கார்டியன் சட்டத்தின் 12-வது பிரிவில் இடைக்கால உத்தரவும் கேளுங்கள். பெண்களுக்கு, சம்பளம் எவ்வளவாக இருந்தாலும், இலவச வக்கீல் உண்டு. மாநில சட்டப் பணிகள் ஆணைய அலுவலகமும் அதே கட்டடத்தில்தான்.

பதினெட்டு வயது வரை உங்களிடமே இருப்பாள் என்று நான் சொல்ல மாட்டேன். எடுத்த எடுப்பில் பிடுங்கிக் கொடுக்காமல், முதலில் ஞாயிறுகளில் சந்திப்பு, பிறகு லீவு நாட்கள் என்று கோர்ட் பழக்கிப் பார்க்கும் என்பது என் கணிப்பு. கோர்ட் சொல்லும்வரை காத்திருக்காமல், மாதம் இரண்டு ஞாயிறு அவர் வந்து பார்க்கட்டும் என்று நீங்களே மனுவில் எழுதுங்கள். உத்தரவு வரும்வரை தர்மபுரிக்குத் தனியாக அனுப்ப வேண்டாம். அவர் இங்கே வந்தால் வாசலில் நிறுத்தாமல் உள்ளே கூப்பிடுங்கள்.

வக்கீலைப் பார்க்கப் போகும்போது தடுப்பூசி அட்டை, ஆதார், ரேஷன் கார்டு, பள்ளிக் கட்டண ரசீதுகள், தங்கையின் இறப்புச் சான்றிதழ் எல்லாம் கொண்டுபோங்கள். ஸ்டாம்ப் பேப்பருக்கு மட்டும் ஜெராக்ஸ் போதும். அசல் உங்கள் வீட்டு பீரோவிலேயே இருக்கட்டும்.