எக்ஸ்ரே இல்லாத காலத்தில் மூச்சுத்திணறல்: கேள்வி பதில்

கே: எக்ஸ்ரே, ஈசிஜி எதுவும் இல்லாமல் இது நுரையீரலா, இதயமா என்று எப்படிப் பிரித்தார்கள் சார்?

ப: பாதி கண்ணிலேயே தெரிந்துவிடும். படுத்தால் திணறி எழுந்து உட்கார்ந்தால் தணிவது, கால் வீக்கம், கழுத்து நரம்பு புடைப்பு எல்லாம் சேர்ந்தால் சந்தேகம் இதயத்தின் பக்கம் போகும். மீதி விரல் வேலை. வியன்னாவில் ஔவன்புருகர் என்ற டாக்டர் 1761-இல் மார்பைத் தட்டிப் பார்க்கும் முறையை எழுதினார். காற்றுள்ள இடம் கணீரென்று ஒலிக்கும், நீர் கோத்த இடம் மொத்தென்று இருக்கும். அவர் அப்பா விடுதி நடத்தியவர், அங்கே பீப்பாயைத் தட்டி ஒயின் மட்டம் பார்ப்பதைக் கண்டு இவர் வளர்ந்தார் என்பார்கள். நெப்போலியனின் வைத்தியர் கார்விசார் 1808-இல் பிரெஞ்சில் கொண்டுவந்த பிறகுதான் அது எடுபட்டது.

கே: ஸ்டெதாஸ்கோப் எப்போது வந்தது?

ப: 1816, பாரிஸ், லேனெக் என்ற டாக்டர். அதுவரை மார்பில் நேராகக் காதை வைத்துத்தான் கேட்டார்கள். ஒரு இளம்பெண்ணிடம் அப்படிக் கேட்கக் கூச்சப்பட்டு, காகிதத்தை இறுக்கிச் சுருட்டி வைத்தார். பிறகு மரக்குழல். என்னைக் கேட்டால் குழல் பெரிய விஷயமே இல்லை. உயிரோடு இருந்தபோது கேட்ட சத்தத்தை, இறந்தபின் உடலை அறுத்துப் பார்த்து ஒப்பிட்டாரே, அதுதான் சாதனை.

கே: சிகிச்சை என்று உடம்பிலிருந்து ரத்தம் எடுத்ததெல்லாம் மூடத்தனம்தானே?

ப: நிமோனியாவுக்கு எடுத்தது வீண். ஆனால் இதயம் தளர்ந்து நுரையீரலில் நீர் கோத்தவருக்கு ரத்தம் எடுத்தால் இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறையும், திணறலும் தணியும். காரணம் தெரியாமலே பலன் கண்டார்கள். உடம்பு வீங்கியவர்களுக்கு டிஜிட்டாலிஸ் என்ற செடியின் இலை கொடுத்ததை இங்கிலாந்தில் வித்தரிங் என்ற டாக்டர் 1785-இல் புத்தகமாகவே எழுதினார். அளவு கொஞ்சம் கூடினாலும் வாந்தி, மேலும் கூடினால் உயிருக்கே ஆபத்து.

கே: இரைப்புக்கு ஊமத்தை புகை பிடிப்பார்கள் என்று தாத்தா சொல்வார். நிஜமா?

ப: நிஜம்தான். ஐரோப்பாவுக்கு அது போனதே நம் ஊர் வழியாகத்தான். 1802-இல் ஜென்ட் என்ற ராணுவ ஜெனரல் மதராஸிலிருந்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். ஊமத்தையில் அட்ரோபின் இருக்கிறது, அது சுருங்கிய மூச்சுக்குழாயைத் தளர்த்தும். இன்று நெபுலைசரில் போடும் இப்ராட்ரோபியம் என்ற மருந்து அந்த வம்சம்தான். லண்டனில் சால்ட்டர் என்ற டாக்டர், அவரே ஆஸ்துமாக்காரர், வெறும் வயிற்றில் திக்கான கடுங்காப்பி குடிக்கச் சொன்னார். காஃபினும் மூச்சுக்குழாயை ஓரளவு விரிக்கும்.

கே: அப்படியானால் அவசரத்துக்கு ஊமத்தையை முயலலாமா?

ப: கூடவே கூடாது. இலைக்கு இலை விஷம் மாறும், புத்தி பேதலிக்கும். ஆளைச் சாய்க்காமல் உட்கார வைத்து 108-க்கு போன் போடுங்கள்.