நோவு தன்பாட்டில நிண்டுட்டுது, இனியும் ரூட் கனால் செய்யோணுமா டொக்டர்?

உப்புவெளியில இருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறா. கீழ்க் கடவாய்ப்பல்லு ஒண்டு சூத்தையாம், மூண்டு கிழமையா ராவில நித்திரை இல்லாத குத்து, சுடத் தேத்தண்ணி பட்டா விண்விண் எண்டு கனநேரம் நிண்டு வலிக்குமாம், போன கிழமை நோவு தன்பாட்டில நிண்டுட்டுது. பல் டொக்டர் ரூட் கனால் செய்யச் சொல்லியிருக்கிறார், அம்மா புடுங்கிறதுதான் நல்லம் எண்டுறாவாம். அன்டிபயோட்டிக் போட்டாக் காணாதா எண்டும் கேக்கிறா.

தங்கச்சி, உங்கட நோவு நிண்டதுதான் எனக்கு யோசினையா இருக்கு. பல்லுக்கு நடுவில நரம்பும் ரத்தக்குழாயும் சேந்த ஒரு சதை இருக்கு, பல்ப் எண்டு சொல்லுவம். சூத்தை அதுவரைக்கும் போனா கிருமி இறங்கி அந்தச் சதை வீங்கப் பாக்கும், ஆனா சுத்திவர பல்லு கல்லு மாதிரி நிக்குது, வீங்க இடமில்லை, அதாலதான் அந்தக் குத்து. பிறகு நரம்பு செத்துப்போகும், செத்தா நோவும் தெரியாது. கிருமி மட்டும் வேர் நுனியால தாடையெலும்புக்குள்ள இறங்கிக்கொண்டே இருக்கும், ஒருநாள் முரசில பரு மாதிரி வந்து சீழ் வடியும், இல்லாட்டி கன்னம் வீங்கும்.

அன்டிபயோட்டிக் ரத்தத்தோட போற மருந்து. செத்த பல்லுக்குள்ள ரத்தம் ஓடாது, பிறகு எப்பிடி மருந்து போய்ச் சேரும்? முகம் வீங்கிக் காய்ச்சலும் இருந்தா நாங்களே தருவம், ஆனா குளிசையால மட்டும் அந்தப் பல்லு சுகப்படாது.

ரூட் கனால்ல செய்யிறது இதுதான். விறைக்கிற ஊசி போட்டு, பல்லைச் சுத்தி ஒரு ரப்பர் ஷீட் மாட்டி, மேல சின்ன ஓட்டை போட்டு, கெட்ட சதையை எடுப்பம். கீழ்க் கடவாய்ப்பல்லில பொதுவா மூண்டு குழாய் இருக்கும், சிலபேருக்கு நாலு. அதுக்குள்ள நுனி 0.1 மில்லிமீற்றர் மொத்தமான அரம் விட்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாப் பெருசு விட்டு, ராவிச் சுத்தம் செய்து ஒரு மருந்துத் தண்ணியால கழுவுவம். அந்த நேரம் கிணத்துக்குக் குளோரின் போட்ட மணம் வரும், பயப்பிடாதீங்க, அது அந்த மருந்துதான். கடைசியா ஊதுவத்திக் குச்சி மாதிரி மெல்லிய ஒரு ரோஸ் நிறச் சாமான், கட்டாப்பேர்ச்சா எண்டு ஒரு மரப்பால்ல செய்யிறது, அதால குழாயை அடைச்சு எக்ஸ்ரே எடுத்துப் பாப்பம். ஒரே நாளிலயும் முடியலாம், ரெண்டு மூண்டு தரமும் வரவேண்டி வரலாம்.

எல்லாரும் கேக்கிறது நோகுமா எண்டுதான். வடிவா விறைச்சா பல்லு அடைக்கிற அளவுதான் தெரியும். நல்லாக் கொதிச்சுக்கொண்டிருக்கிற பல்லு சிலநேரம் ஒரு ஊசிக்கு விறைக்காது, கையைத் தூக்கிக் காட்டுங்க, இன்னொண்டு போடுவாங்க, பல்லைக் கடிச்சுக்கொண்டு பொறுத்திருக்க வேணாம். பிறகு ரெண்டு மூண்டு நாள் கடிக்கேக்க சாடையா நோகும், பனடோல் காணும்.

கிண்ணியாவில இருந்து மீன்பிடிக்கிற அண்ணை ஒராள் வந்தவர், முதல் நாள் உள்ள சுத்தம் செய்து தற்காலிக அடைப்பு வச்சு விட்டன், நோவு போயிட்டுது எண்டு அவர் திரும்ப வரேல்ல. எட்டு மாசம் கழிச்சு வரேக்க அடைப்பு எப்பவோ கழண்டு பல்லு வேர்வரைக்கும் ரெண்டாப் பிளந்து கிடந்தது, புடுங்கிறதைத் தவிர ஒண்டும் செய்ய ஏலேல்ல, இண்டைக்கும் எனக்கு அது கவலைதான். தொடங்கினா முடியுங்க, கடவாய்ப்பல்லெண்டா மேல கிரவுணும், அதுதான் பல்லை மூடுற உறை, போடுங்க, சூத்தையும் ஓட்டையுமாப் பலமிழந்த பல்லு கடிக்கேக்க வெடிக்கும்.

அம்மா சொல்லுறதையும் நான் தள்ளேல்ல. பல்லு முரசுக்குக் கீழ வெடிச்சிருந்தா, இல்லாட்டி கிரவுண் பிடிக்கப் பல்லே மிச்சமில்லாட்டி, புடுங்கத்தான் வேணும். மற்றும்படி புடுங்கின இடத்தை அப்பிடியே விட்டா பக்கத்துப் பல்லு சாயும், மேல்பல்லு இறங்கும், பிறகு பொய்ப்பல்லுச் செலவு. எக்ஸ்ரேயைக் காட்டி "இந்தப் பல்லைக் காப்பாத்தலாமா" எண்டு டொக்டரிட்ட நேராவே கேளுங்க.

அதுவரைக்கும் டிஸ்பிரினை நசுக்கி முரசில வைக்காதீங்க, வெந்துபோகும். சுகர் இருந்தா, வயித்தில பிள்ளை இருந்தா, ரத்தம் உறையாமப் போடுற குளிசை எடுத்தா முதலே சொல்லுங்க. தாடைக்குக் கீழ வீங்கி, வாய் திறக்க ஏலாம, விழுங்கவோ மூச்செடுக்கவோ கஷ்டமா இருந்தா கிளினிக் நாளைப் பாத்துக்கொண்டு இருக்க வேணாம், ராவெண்டாலும் உடன பெரியாஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்க.