சக்கரத்தின் அடியில் ஒரு கலம்

அன்புள்ள ஐயா,

ஊதி உருவாக்கும் கண்ணாடிக் கலன்களைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். ஊதுகுழலிலிருந்து பிரியும்போதே ஒரு கலம் முழுமையடைந்துவிடுகிறது என்றுதான் எனக்குத் தோன்றியது. அப்படியிருக்க, அதன்மேல் செதுக்குவது பச்சை குத்துவதைப்போல வெறும் அலங்காரம்தானே? லேசர் அதே வேலையைச் சில நிமிடங்களில் முடித்துவிடும் காலத்தில், ஒருவர் வாரக்கணக்கில் உட்கார்ந்து கையால் செதுக்குவது எதற்காக?

எம்.

அன்புள்ள எம்.,

எனக்கும் ஒருகாலத்தில் இதே எண்ணம் இருந்தது. ஒருவர் செப்புச் சக்கரத்தில் செதுக்குவதை அருகிலிருந்து பார்த்த பிறகுதான் அது மாறியது.

சுழலும் தண்டின் முனையில் சிறிய செப்புச் சக்கரம் இருக்கும். செம்பு கண்ணாடியை வெட்டாது. அதன் விளிம்பில் தடவிய எண்ணெயும் குருந்தம் என்ற கடினமான கல்லின் பொடியும் கலந்த குழம்புதான் அரைத்துக் குடைகிறது. செதுக்குபவர் கருவியைக் கலத்திடம் கொண்டுபோவதில்லை. முழங்கைகளை ஊன்றிக்கொண்டு, கலத்தை இரு கைகளாலும் ஏந்திச் சக்கரத்தின் அடிப்பக்கத்தில் அழுத்துகிறார். வெட்டு விழும் இடத்தைச் சக்கரமும் குழம்பும் மறைத்துவிடுவதால், விரல்களில் உணரும் அதிர்வையும் காதில் விழும் உராய்வையும் கொண்டே ஆழத்தைக் கணிக்கிறார். துடைத்துப் பார்க்கிறார், மறுபடியும் அழுத்துகிறார். இதில் விந்தை என்னவென்றால், கலத்தின் மறுபுறத்திலிருந்து பார்க்கும்போது மிக ஆழமாகக் குடைந்த இடமே மிகவும் புடைத்துத் தெரியும். முகத்தில் மூக்கு எழும்ப வேண்டுமானால் அங்கேதான் குழி ஆழமாக விழ வேண்டும்.

அந்த ஆழத்துக்கு இடம் கொடுக்கும் கனத்தை ஊதுபவர் முன்பே சுவரில் விட்டுவைத்திருக்க வேண்டும். அதைவிட முக்கியம், ஆறவிடும் பதம். சூடான கலத்தை ஏறத்தாழ 500 டிகிரி செல்சியஸில் இருக்கும் உலையில் வைத்து மணிக்கணக்கில், கனமான கலமாக இருந்தால் இன்னும் நீண்ட நேரம், மெல்ல ஆறவிட வேண்டும். அவசரப்பட்டால் உள்ளே இறுக்கம் தங்கிவிடும். அலமாரியில் வெகுகாலம் ஒன்றும் ஆகாமல் நிற்கும் அத்தகைய கலம், சக்கரம் பட்டதும் வெடித்துப்போகக்கூடும். செதுக்குபவரின் வேலை ஊதுபவரின் கையிலேயே தொடங்கிவிடுகிறது என்று நான் சொல்வது இதனால்தான்.

இதற்குச் சிறந்த சான்று, ஸ்வீடனின் ஓரெஃபோர்ஸ் தொழிற்கூடத்தில் 1916-இல் உருவான 'கிரால்' முறை. நிறக் கண்ணாடி போர்த்திய சிறிய, கனமான குமிழை முதலில் ஊதி ஆறவிடுவார்கள். நிறப் படலத்தைச் செதுக்கியோ அமிலத்தால் அரித்தோ உருவம் எடுத்தபின், குமிழை மெல்லச் சூடேற்றி மீண்டும் குழலில் ஏற்றி, தெளிந்த கண்ணாடியால் போர்த்தி முழு அளவுக்கு ஊதுவார்கள். செதுக்கிய உருவம் சுவரோடு சேர்ந்து விரிகிறது. அதன் கூரிய ஓரங்கள் தீயில் இளகி நீரில் கிடப்பவைபோல ஆகிவிடுகின்றன. இங்கே எது கலம், எது அலங்காரம்?

1962-இல் அமெரிக்காவின் டொலிடோ அருங்காட்சியகத்தில் மட்பாண்டக் கலை ஆசிரியரான ஹார்வி லிட்டில்டன் நடத்திய பயிலரங்குகளில், கண்ணாடித் தொழில்நுட்பம் அறிந்த டொமினிக் லபினோவின் உதவியோடு, தொழிற்சாலைக்கு வெளியே ஒரு கலைஞரே சிறிய உலையில் கண்ணாடியைக் கையாள முடியும் என்பது நிறுவப்பட்டது. பெரும் விடுதலைதான். ஆனால் அதன்பின் உலையின் முன் நிற்பவர் கலைஞராகவும், சக்கரத்தின் முன் அமர்ந்தவர் தொழிற்சாலைக்கால அலங்காரக்காரராகவும் பார்க்கப்பட்டதாகவே எனக்குத் தோன்றுகிறது. உங்கள் கேள்வியிலும் அந்தப் பார்வையின் நிழல் இருக்கிறது. பரிசுக் கோப்பைகளில் வரும் பூங்கொத்துகளையும் பெயரெழுத்துகளையும் மட்டும் நினைத்து எழுதியிருந்தால், பச்சை குத்துதல் என்ற உங்கள் சொல்லை நான் மறுக்கமாட்டேன்.

அந்த வேலைக்கு லேசர் போதும். அது கண்ணாடியின் மேற்பரப்பைச் சூடாக்கி நுண்ணிய விரிசல்களை உண்டாக்குகிறது. அதனால் பனி படர்ந்தது போன்ற வெண்மை கிடைக்கும். ஆனால் சக்கரம் தரும் வழுவழுப்பான, சரிந்திறங்கும் குழி அதில் கிடைப்பதில்லை.

சக்கரமே இல்லாத வழியும் உண்டு. 18-ஆம் நூற்றாண்டில் ஹாலந்தின் ஃபிரான்ஸ் கிரீன்வுட், வைர முனையால் புள்ளி புள்ளியாகத் தட்டியே ஒயின் கோப்பைகளில் உருவங்களை வரைந்தார். காகிதத்தில் நாம் நிழலை வரைகிறோம். இங்கே வரையப்படுவது வெளிச்சம், தொடாமல் விட்ட இடமே இருள். அத்தகைய கோப்பையைப் பார்க்க வாய்த்தால், பின்னால் கறுப்புத் துணியைப் பிடித்துப் பக்கவாட்டில் விளக்கை வையுங்கள். சன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தால் உருவம் ஏறக்குறைய மறைந்துவிடும்.