வேனில் டைமிங் செயின் மாற்றும்போது ஸ்ப்ராக்கெட்டுகளையும் மாற்ற வேண்டுமா?

காலையில் முதல் ஸ்டார்ட்டில் எஞ்சினின் முன்பக்கம் இரண்டு மூன்று விநாடி கடகடவென்று சத்தம் வந்து தானாக அடங்கிவிடுகிறது, செயின் மட்டும் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. கிராங்கையும் கேமையும் இணைக்கும் டைமிங் செயின், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், அது உரசி ஓடும் கைடு, அது மாட்டி ஓடும் பற்சக்கரமான ஸ்ப்ராக்கெட் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றுங்கள். செயினை மட்டும் மாற்றிவிட்டு, அதே வண்டியில் அதே வேலையை இரண்டாவது தடவை செய்தவன் என்பதால் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

என் வேனிலும் இதே சத்தம்தான். புதுச் செயினும் டென்ஷனரும் போட்டேன். ஸ்ப்ராக்கெட்டின் பற்கள் பார்வைக்கு நன்றாக இருந்ததால் அதை விட்டுவிட்டேன். சில மாதங்களில் சத்தம் திரும்பி வந்தது. மறுபடி கவரைக் கழற்றி, கிராங்க், அதாவது பிஸ்டன்கள் சுழற்றும் தண்டில் உள்ள ஸ்ப்ராக்கெட்டைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒவ்வொரு பல்லும் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து பளபளத்தது. நுனி லேசாகக் கொக்கி போல வளைந்திருந்தது, நகத்தால் தடவினால் மாட்டியது.

செயின் நீண்டுவிட்டது என்று சொல்கிறோமே, இரும்பு இழுபட்டு நீளுவதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் இருக்கும் பின் தேய்கிறது. அந்தச் சின்னச் சின்ன இடைவெளிகள் சேர்ந்துதான் செயின் நீளமாகிறது. கண்ணிக்குக் கண்ணி தூரம் கூடியதும் செயின் பல்லின் அடியில் உட்காராமல் மேலேறி ஓடும், பல்லும் அதற்கேற்பத் தேய்ந்துவிடும். அதன்மேல் புதுச் செயினைப் போட்டால் அளவு ஒத்துப்போகாது. சுமை சில பற்களில் மட்டும் விழும். தேய்ந்த பல் புதுச் செயினையும் கெடுத்துவிடும். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால்தான், வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம் ஒரு சுற்று சுற்றும். அதனால் கிராங்கில் உள்ள சின்ன ஸ்ப்ராக்கெட்தான் அதிகம் அடிவாங்கும்.

அந்த இரண்டு மூன்று விநாடிக் கணக்குக்குக் காரணம் பெரும்பாலும் டென்ஷனர். அது ஆயில் அழுத்தத்தில் செயினைத் தள்ளிப் பிடிக்கிறது. இரவு முழுக்க நின்ற வண்டியில் அழுத்தம் ஏறும்வரை தளர்ந்த செயின் கைடில் அடிக்கிறது. கைடு பிளாஸ்டிக் என்றால் அடிபட்டு உடையும். என் வண்டியில் எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்பை இறக்கிப் பார்த்தபோது ஆயில் உறிஞ்சும் வலையில் நகத்துண்டு அளவுக்குக் கருப்புத் துண்டுகள் ஒட்டியிருந்தன. அந்த வலை அடைத்தால் ஆயில் அழுத்தம் இறங்கி பேரிங் போய்விடும். கைடு உடைந்திருந்தால் சம்ப்பையும் கட்டாயம் இறக்கிப் பாருங்கள்.

மாட்டும்போது உங்கள் எஞ்சினுக்கான சர்வீஸ் புத்தகம் பக்கத்தில் இருக்கட்டும். சில எஞ்சின்களில் ஸ்ப்ராக்கெட்டைத் தண்டில் நிறுத்திப் பிடிக்கும் கீ என்ற சின்ன இரும்புத் துண்டு கிடையாது, போல்ட்டின் இறுக்கம் மட்டும்தான். அங்கே கிராங்கையும் கேமையும் பூட்டி வைக்கும் டூல் இல்லாமல் போல்ட்டைத் தொடவே கூடாது. கிராங்க் போல்ட் பல எஞ்சின்களில் ஒரு தடவைக்கு மட்டும்தான். புதுசு வாங்கி, டார்க் ரெஞ்சில் சொன்ன அளவுக்கு இறுக்கி, அப்புறம் சொன்ன கோணத்துக்குத் திருப்ப வேண்டும்.

ஸ்ப்ராக்கெட் மார்க்குகளை இடம் பார்த்துப் பொருத்தி, செயின் போட்டு, டென்ஷனரை அமுக்கி வைத்திருக்கும் பின்னை உருவிய பிறகு ஸ்டார்ட் செய்ய அவசரப்படாதீர்கள். கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் வைத்து, எஞ்சின் ஓடும் திசையிலேயே, கையால் முழுசாக இரண்டு சுற்று சுற்றுங்கள். கம்ப்ரஷன் இறுக்கம் மெதுவாக விட்டுக்கொடுக்கும். டக்கென்று கெட்டியாக நின்றால் பலவந்தம் வேண்டாம், வால்வு பிஸ்டனில் முட்டியிருக்கலாம். இரண்டு சுற்று முடிந்ததும் ஸ்ப்ராக்கெட்டில் உள்ள மார்க்குகள் பழைய இடத்துக்கு வர வேண்டும். செயினில் நிறம் பூசிய கண்ணிகள் வராது. முதல் தடவை அவை எங்கோ போய் நிற்பதைப் பார்த்துப் பயந்து, சரியாக இருந்ததை எல்லாம் மறுபடி கழற்றிவிட்டேன். அந்த நிறம் மாட்டும்போது மட்டும்தான் தேவை. பல சுற்றுகள் கழித்துத்தான் அது மீண்டும் மார்க்குக்கு நேராக வரும்.

கவருக்குப் புது ஆயில் சீல் போடுங்கள். சீலன்ட்டை மெல்லிய கோடாக இழுத்தால் போதும். அதிகமானால் உள்ளே பிதுங்கி, கடைசியில் அதே வலையில்தான் போய் நிற்கும். புது ஆயிலும் ஃபில்டரும் போட்ட பிறகு, எரிபொருளைத் துண்டித்துவிட்டு, ஆயில் விளக்கு அணையும்வரை இடைவெளி விட்டு விட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். அதன்பின் எரிபொருளை இணைத்து ஸ்டார்ட் செய்யும்போது லேசாகச் சத்தம் வந்து அடங்கினால் கவலை வேண்டாம். மறுநாள் காலை எஞ்சின் முழுசாக ஆறியிருக்கும்போது, பானெட்டைத் திறந்து வைத்து இன்னொருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லி, பெல்ட்டிலிருந்து தள்ளி நின்று, பழைய சத்தம் வருகிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள்.