'டு'வுக்குப் பின்னால் என்ன வரும்? 'லுக் ஃபார்வர்ட் டு' பற்றிய கேள்வி பதில்

கேள்வி: வேலை விண்ணப்பத்தை 'ஐ லுக் ஃபார்வர்ட் டு மீட் யூ' என்று முடித்தேன். தோழி 'மீட்டிங் யூ' என்று திருத்தினாள். 'டு'வுக்குப் பின் 'மீட்' என்ற மூல வடிவம்தானே வரவேண்டும்?

பதில்: தோழி சொன்னதே சரி. 'டு'வுக்கு இரண்டு வேலைகள் உண்டு. 'ஐ வாண்ட் டு மீட்' என்பதில் அது 'சந்திக்க' என்ற நம் செயவெனெச்சத்தைப் போன்றது. 'லுக் ஃபார்வர்ட் டு' என்பதில் அது வேற்றுமை உருபின் வேலையைச் செய்கிறது. உருபை ஏற்பது பெயர்தான். அதனால்தான் தமிழில் 'உங்களைச் சந்திப்பதை எதிர்நோக்குகிறேன்' என்று வினையைத் தொழிற்பெயராக்குகிறோம். அந்தச் 'சந்திப்பது'தான் 'மீட்டிங்'. பெயரான பிறகும் 'உங்களை' என்ற செயப்படுபொருளை அது விடுவதில்லை. 'மீட்டிங் யூ'வில் 'யூ' நிற்பதும் அப்படியே. எனக்கு இந்த ஒற்றுமை அலுப்பதே இல்லை. 'சந்திக்க ஆவலாக இருக்கிறேன்' என்று மனத்தில் வைத்து எழுதும்போதுதான் கை 'மீட்' என்று போகிறது.

ஐயம் வந்தால் 'டு'வுக்குப் பின் 'இட்' வைத்துப் பாருங்கள். 'லுக் ஃபார்வர்ட் டு இட்' நிற்கும், ஆகவே 'இங்'. 'வாண்ட் டு இட்' நிற்காது.

கேள்வி: 'லுக் ஃபார்வர்ட் டு ஹியர்' சரியா?

பதில்: இல்லை, 'ஹியரிங்'. காரணம் மேலே.

கேள்வி: 'லுக் ஃபார்வர்ட் ஃபார் யுவர் ரிப்ளை' என்று எழுதலாமா?

பதில்: கூடாது. 'லுக் ஃபார்' என்றால் தேடுவது. அதை இதனோடு கலக்காதீர்கள்.

கேள்வி: நான் ஆசிரியர். ஒரே வாக்கியத்தில் இரண்டு 'இங்' வரக்கூடாது என்றே கற்பித்து வருகிறேன். 'ஐ ஆம் லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட்டிங் யூ' எப்படிச் சரியாகும்?

பதில்: ஐயா, அப்படி ஒரு விதியே கிடையாது. 'லுக்கிங்' வினை, 'மீட்டிங்' பெயர். தயவுசெய்து மாணவர்களுக்கு இதைத் திருத்திச் சொல்லுங்கள்.

அதே ஆசிரியர்: 'ஐ ஆம் கோயிங் டு மீட் யூ' என்பதில் 'மீட்' வருகிறதே?

பதில்: அருமையான கேள்வி! 'கோயிங் டு மெட்ராஸ்' என்றால் மெட்ராசுக்குப் போவது. அங்கே 'டு' நம் நான்காம் வேற்றுமை. 'கோயிங் டு மீட்' என்றால் சந்திக்கப்போவது, அங்கே எச்சம். ஒரே 'கோயிங் டு' இரண்டு வேடமும் போடும். 'லுக் ஃபார்வர்ட் டு' முதல் வேடத்தை மட்டுமே போடும். 'யூஸ்ட் டு'வையும் பாருங்கள்: 'ஐ யூஸ்ட் டு லிவ் ஹியர்' என்றால் முன்பு இங்கே வசித்தேன், 'ஐ ஆம் யூஸ்ட் டு லிவிங் ஹியர்' என்றால் இங்கே வசிப்பதற்குப் பழகிவிட்டேன். 'வசிப்பதற்கு' என்பதிலும் தொழிற்பெயரும் உருபும் இருக்கின்றன, கவனித்தீர்களா?

கேள்வி: 'லுக் ஃபார்வர்ட் டு சீ யூ' சரியா?

பதில்: மூன்றாம் முறையாகச் சொல்கிறேன், 'இட்' வைத்துப் பாருங்கள். 'சீயிங்'.

கேள்வி: 'ஃபார்வர்ட்' என்பதை எப்படி உச்சரிப்பது?

பதில்: உச்சரிப்பு என் துறையன்று, ஒலிப்பதிவுள்ள அகராதியைக் கேளுங்கள்.

கேள்வி: 'ஐ லுக்', 'ஐ ஆம் லுக்கிங்': எதை எழுதுவது?

பதில்: அலுவலகக் கடிதத்துக்கு 'ஐ லுக்'. தெரிந்தவருக்கு 'ஐ ஆம் லுக்கிங்' இதமாக இருக்கும். நெருங்கிய நண்பருக்கு 'ஐ ஆம்' இல்லாமலும் எழுதலாம். எதை எழுதினாலும் 'டு'வுக்குப் பின்னால் 'ஹியரிங்'தான்.